ஜூலையில் ஹட்டனில் அடைமழை, அப்புத்தளையில் மட்டும் வெயில் காய்வது ஏன்?

இரண்டும் இலங்கையின் மலையகம்தான், ஆனால் மலையின் இரு பக்கங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தோடு வந்து மேற்குச் சரிவில் ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை பெய்வதுண்டு. லயத்துக் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கொடியில் துணி காயாது.

மலையைத் தாண்டி, அப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணத்துக்குள் இறங்கும்போது, அது ஈரமில்லாத வெறும் காற்றுதான். இறங்க இறங்கச் சூடாகிக் காய்ந்துவிடும். அதுதான் பதுளை, பண்டாரவளைப் பக்கம் அடிக்கும் கச்சான். தேயிலைக் கொழுந்து குறையும், கைக்காசும் குறையும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் மணம் இந்தக் காய்ந்த காலத்தில்தான் வருகிறது.

சரி, ஊவாவில் மழைப் பயமே இல்லையா? இருக்கிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை அங்கே மழைக்காலம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது அந்தப் பருவத்தில்தான்.

நுவரெலியா தனிக்கதை. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் பள்ளங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிவிடும்.