தினமும் ஓட ஒரு சில்லு: கேள்வி பதில்

கோண்டாவிலில் வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் 20 வருடத்துக்கும் மேலாகச் சில்லுக் கட்டி வருகிறேன். றோட் சைக்கிளில் பயிற்சி ஓடுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். றிம் (வெளி வளையம்), கம்பி, நிப்பிள் (கம்பியை றிம்மில் இறுக்குகிற சிறு நட்டு), ஹப் (சில்லின் நடுக்குடம்) இவைதான் என் வேலை. மற்றவற்றுக்கு அந்தந்தத் துறை தெரிந்தவரிடம் அனுப்பிவிடுவேன்.

உரும்பிராய், 19 வயது: அண்ணா, நான் 62 கிலோ. கிழமையில் ஆறு நாள், நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடுகிறேன். சைக்கிளோடு வந்த பின்சில்லில் நாலு தரம் கம்பி முறிந்துவிட்டது. பாரம் குறைந்த, நீண்ட நாள் உழைக்கிற சோடி எது?

தம்பி, முறிந்த கம்பிகள் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். கசெற்றுக்கு, அதாவது பின்சில்லில் இருக்கிற பல்சக்கர அடுக்குக்கு, இடம் விடுவதற்காகப் பின்சில்லின் வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். அதனால் அவை நல்ல இறுக்கத்தில் இருக்க, இடப்பக்கம் ஏறக்குறைய அதில் பாதி இறுக்கத்தில்தான் நிற்கும். இடப்பக்கம் கழுத்தில், அதாவது ஹப்பின் துளையில் கம்பி வளைகிற இடத்தில், முறிந்தால் கம்பி தளர்ந்து கிடந்து முறிந்திருக்கிறது. வலப்பக்கம் முறிந்தால், எப்போதாவது செயின் கசெற்றுக்கு உள்ளே விழுந்து கம்பியைக் கீறியதா என்று தடவிப் பாருங்கள். நாலு தரமும் முறிந்த ஒன்றை மட்டும் மாற்றிப் போட்டிருந்தால், மற்றவற்றை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒரு கம்பி களைத்து முறியும்போது அதே அளவு களைத்தவை பக்கத்தில் இருக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 25 மி.மீ. அகல ரயர் போட்ட சில்லு ஒரு சுற்றில் 2.1 மீற்றர் போகும். 40 கிலோமீற்றருக்கு 19,000 சுற்று. வருடத்தில் 300 நாள் ஓடினால் 57 இலட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருதரம் தளர்ந்து இறுகும். உங்கள் சில்லு பிழைக்கிறதும் பிழைக்காததும் அந்த 57 இலட்சத்தில் இருக்கிறது, கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டுகிற கிராமில் இல்லை.

நான் கட்டித் தருவதென்றால் இப்படிக் கட்டுவேன். றிம் 450 முதல் 480 கிராமுக்குள் ஒரு அலுமினிய றிம். டிடி சுவிஸ் ஆர் 460 அந்த வகை, பாரம் பெயரிலேயே இருக்கிறது. பின்னுக்கு 32 கம்பி, உங்கள் உடம்புக்கு முன்னுக்கு 28 போதும். கம்பி இரண்டு முனையும் 2.0, நடுவில் 1.8 மில்லிமீற்றர் உள்ள வகை. நடு மெலிந்த கம்பி கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், கழுத்துக்கு வருகிற அடி குறையும். பாரமும் குறைந்து ஆயுளும் கூடுகிற இடம் சில்லில் இது ஒன்றுதான், அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நிப்பிள் பித்தளை. ஹப் ஷிமானோ 105 போன்ற கப்பும் கோனும் உள்ளது, அதாவது போல்ஸ் (உருக்குக் குண்டுகள்) கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவில் ஓடுகிற வகை. கிறீஸ் மாற்றி, போல்ஸ் மாற்றி வருடக்கணக்கில் ஓட்டலாம்.

இது எல்லாம் சேர்ந்து சோடி 1900 கிராமுக்குச் சற்றுக் குறைய வரும். ஹப்பில் காசைக் கூட்டினால் 1750 அளவுக்கு இறங்கும். 1500 கிராம் சோடியோடு ஒப்பிட்டால் 400 கிராம் கூட. நீங்களும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தலும் 72 கிலோ என்று வைத்தால் அது நூற்றுக்கு அரைப் பங்கு கொஞ்சம் மேலே. குடாநாடு முழுக்கச் சமதரை. ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த 400 கிராமை உங்கள் கால் உணராது. கம்பி முறிந்து வீட்டில் நிற்கிற நாள்களை உணரும்.

சுன்னாகம்: 50 மி.மீ. உயர காபன் சில்லு இணையத்தில் மலிவாக இருக்கிறது. பயிற்சிக்கு எடுக்கலாமா?

தினப் பயிற்சிக்கு வேண்டாம். பலாலி வீதியில் மட்டும் ஓடுகிறவராக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோரும் பண்ணைப் பாலம் கடந்து தீவுப் பக்கம் போகிறீர்கள். சோழகம் வீசுகிற மாதங்களில் அந்தப் பாதையில் காற்றை மறிக்க ஒரு பனைகூட இல்லை. இரண்டு பக்கமும் கடல். உயர்ந்த றிம்மின் மேல் பக்கக்காற்று விழுந்தால் முன்சில்லு தானாகத் திரும்பப் பார்க்கும். எதிரே பஸ் வந்து கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று, உடனே முழு வேகத்தில் அடிக்கும். அந்த ஒரு கணத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். 2016 ஆடி மாதம் வேலணைப் பக்கத்திலிருந்து திரும்பும்போது இரவல் வாங்கிய 60 மி.மீ. முன்சில்லோடு வீதியின் நடுக்கோட்டைத் தாண்டிப் போனேன். எதிரே வாகனம் வராததால் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று உப்பு. காபன் றிம்மோடு அனேகமாக அலுமினிய நிப்பிள்தான் வரும். காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. நெளிவு எடுக்கத் திறப்பை வைத்துத் திருப்பும்போது நிப்பிள் மாவாக உதிரும். பித்தளை நிப்பிள் ஒன்று 1 கிராம், அலுமினியம் அதில் மூன்றிலொரு பங்கு. ஒரு சோடியில் 60 நிப்பிள் என்றால் எல்லாம் சேர்த்து மிச்சம் 40 கிராம். அதற்காக இந்தத் தொல்லையை வாங்காதீர்கள். பித்தளை கேளுங்கள்.

மானிப்பாய்: வீட்டில் பழைய 28 அங்குல ராலே சைக்கிளின் நல்ல ரயர் இருக்கிறது. றோட் சைக்கிளின் 700 றிம்முக்குப் பொருந்துமா?

பொருந்தாது. 28 × 1½ ரயர் உட்காருகிற விட்டம் 635 மி.மீ., 700 றிம்முக்கு 622. காற்று அடித்தால் வழுக்கி வெளியே வரும்.

நெல்லியடி: கம்பக்னோலோ சொண்டா ஒரு சோடி வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவருகிறார். பயிற்சிக்கு ஓடலாமா?

நல்ல சில்லு. ஹப்பும் கப், கோன் வகைதான். ஆனால் முன்னுக்கு 16 கம்பி, பின்னுக்கு 21. பின்சில்லில் ஒன்று முறிந்தால் றிம் உடனே இழுபட்டு பிறேக் கட்டையில் உரசும், வீட்டுக்கு ஓட்டி வரமுடியாது. அந்தக் கம்பி யாழ்ப்பாணம் ரவுனில் கிடைக்காது. மாமாவிடம் சொல்லி ஒவ்வொரு நீளத்திலும் மூன்று கம்பி, நிப்பிளோடு சேர்த்துக் கொண்டுவரச் செய்யுங்கள். 32 கம்பிச் சில்லில் ஒன்று முறிந்தால் பிறேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஆறுதலாக வீடு வந்து சேரலாம்.

கொக்குவில், ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்: ஒவ்வொரு சுற்றிலும் கம்பி "தளர்ந்து இறுகும்" என்கிறீர்கள். கம்பி தள்ளாது, இழுக்க மட்டுமே செய்யும். ஆகவே ஹப் மேல் கம்பிகளில் தொங்குகிறது. மேலே போகும்போது கம்பி இறுகுகிறது என்பதுதான் சரி.

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கம்பி தள்ளாது என்பது மெத்தச் சரி. ஆனால் சில்லுக் கட்டும்போதே எல்லாக் கம்பியும் ஹப்பைச் சுற்றிச் சமமாக இழுத்தபடி நிற்கிறது. பின்சில்லின் வலப்பக்கக் கம்பி ஒன்று 100 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஆள் ஏறினால் நிலத்தைத் தொடுகிற இடத்தில் றிம் கொஞ்சம் உள்ளே அமர்கிறது. அங்கே உள்ள மூன்று நாலு கம்பிகளின் இழுவை குறைகிறது. மேல் கம்பிகளில் மாற்றம் மிகச் சிறிது.

விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தலை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்போது கயிறு அசையாது. ஒரு பக்கத்தில் இரண்டு பேர் கை தளர்ந்தால், மற்றப் பக்கம் கூட இழுக்காமலே கயிறு அங்கே போகும். சில்லில் கை தளர்கிறவர்கள் கீழ்க் கம்பிகள். அவை ஹப்பைக் கீழே இழுப்பதைக் குறைப்பதுதான் ஆளின் பாரத்தைத் தாங்குகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, மேலே ஒரு கம்பியையும் கீழே ஒரு கம்பியையும் விரலால் தட்டி ஒலியைக் கேளுங்கள். பிறகு ஒருவரை ஏற்றி உட்கார வைத்துத் திரும்பத் தட்டுங்கள்.

கொக்குவில் ஆசிரியர், மறுபடியும்: தட்டிப் பார்த்தேன். மேல் கம்பியின் ஒலி மாறவில்லை, கீழ்க் கம்பியின் ஒலி நன்றாக இறங்கியது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள் ஏறிய பிறகு மேலே இழுக்கிற விசை கீழே இழுக்கிற விசையை விடக் கூடத்தானே? ஆகவே ஹப் தொங்குகிறது என்ற சொல் பிழையில்லை.

செய்து பார்த்ததற்கு நன்றி ஐயா. மொத்த விசையைக் கூட்டினால் நீங்கள் சொல்வது சரிதான், அந்தச் சொல்லை நான் மறுக்கவில்லை. ஆனால் சில்லுக் கட்டுகிறவனுக்கு எந்தக் கம்பியில் இழுவை மாறுகிறது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் உலோகம் களைப்பது மாற்றத்தால். மாற்றம் கீழே நடக்கிறது. இறுக்கம் போதாத கம்பி கீழே வரும்போது முற்றாகத் தளர்ந்துவிடும். அப்போது அதன் கழுத்து ஹப்பின் துளைக்குள் ஆடும், நிப்பிள் தானாகக் கழன்று திரும்பும். அடுத்த சுற்றில் இன்னும் தளரும். "தொங்குகிறது" என்று நினைக்கிறவர், இறுக்கினால் கம்பிக்குப் பாரம் கூடும் என்று பயந்து தளர்த்தியே கட்டுவார். அப்படிக் கட்டிய சில்லுகள்தான் என் கொட்டிலுக்கு வருகின்றன. உரும்பிராய்த் தம்பியின் சில்லும் அதுதான் என்று நினைக்கிறேன்.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி: அப்படியென்றால் எவ்வளவு இறுக்கலாமோ அவ்வளவு இறுக்குவது நல்லதா?

இல்லைத் தங்கச்சி, றிம்தான் எல்லை. பெரும்பாலான அலுமினிய றிம்முக்குப் பின்சில்லின் வலப்பக்கம் 100 முதல் 120 கிலோ இழுவை. அதற்கு மேல் போனால் நிப்பிள் துளையைச் சுற்றி றிம் வெடிக்கத் தொடங்கும். கையால் பழகியவர்கள்கூட அளவுமானி வைத்துப் பார்ப்பது நல்லது. அப்புறம் முக்கியமான ஒன்று: கட்டி முடிந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைச் சோடியாகப் பிடித்துக் கையால் அழுத்தமாக நெரிக்க வேண்டும். கழுத்து வளைவில் தேங்கி நிற்கிற உள்அழுத்தம் அதில் கலைந்துவிடும். இதற்குப் பத்து நிமிடம் போதும், சில்லின் ஆயுள் பல மடங்கு கூடும். உங்கள் சில்லைக் கட்டுகிறவர் இதைச் செய்கிறாரா என்று கேளுங்கள்.

சாவகச்சேரி: 1400 கிராம் காபன் சோடி...

சுன்னாகத்துக்கு எழுதியதைப் பாருங்கள்.

இணுவில்: 38 மி.மீ. காபன் என்றால் பரவாயில்லையா?

காற்றுத் தொல்லை குறையும், உப்புத் தொல்லை அப்படியே இருக்கும். பித்தளை நிப்பிள்.

கோப்பாய்: என் 10 கியர் கசெற்றை 11 கியர் ஹப்பில் போட்டால் ஆடுகிறது.

பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று போட வேண்டும். அதை விட்டிருக்கிறீர்கள்.

காரைநகர்: பொன்னாலைப் பாலத்தால் தினமும் வந்து போகிறேன். றிம் எப்போது முடிந்துவிட்டது என்று எப்படி அறிவது?

உங்களைப் போலப் பாலத்தால் ஓடுகிறவர்களுக்கு றிம் கெதியாகத் தேயும். ரயர் கிளப்புகிற நுண்மணல் பிறேக் கட்டையில் ஒட்டி அரத்தாளாக வேலை செய்யும். பிறேக் கட்டை படுகிற பக்கத்தில் பல றிம்களில் சிறு குழி ஒன்று இருக்கும். குழி மறைந்துவிட்டால் றிம்மை மாற்றுங்கள். குழி இல்லாத றிம் என்றால் நேரான அடிமட்டத்தை அந்தப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சுவர் குழிந்து மெலிந்திருக்கிறது. மெலிந்த சுவர் காற்று அழுத்தத்தில் வெடிக்கும், அதுவும் பெரும்பாலும் பிறேக் பிடிக்கும்போது. ஒத்திப் போடாதீர்கள்.

கிழமைக்கு ஒருதரம் பிறேக் கட்டையைக் கழற்றி, பதிந்திருக்கிற மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் கிளறி எடுங்கள். பாலம் கடந்து வந்த ஒவ்வொரு நாளும் ஒரு வாளி நல்ல தண்ணீரால் சில்லைக் கழுவித் துணியால் துடையுங்கள். வாளியால் ஊற்றினால் போதும், குழாயால் ஹப்பின் வாய்க்குள் அடிக்காதீர்கள்.

வட்டுக்கோட்டை: புது றிம் ஹூக் (ரயரின் விளிம்பைப் பிடிக்கிற உள்மடிப்பு) இல்லாதது. 28 ரயருக்கு 90 பி.எஸ்.ஐ. அடிக்கலாமா?

கூடாது. அந்த வகை றிம்முக்கு உச்சம் 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ. சொச்சம். றிம்மில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

அரியாலை: நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு முழங்கால் நோகிறது. சில்லு மாற்றினால் சரிவருமா?

சில்லுக்கும் முழங்காலுக்கும் தொடர்பில்லை. இருக்கை உயரத்தைப் பாருங்கள், நோ நீடித்தால் வைத்தியரிடம் போங்கள்.

சுழிபுரம்: நல்ல காபன் சோடி ஒன்று சொல்லுங்கள்.

காபன் பற்றி மேலே மூன்று தரம் பதில் இருக்கிறது. இனி அதற்கு எழுதமாட்டேன்.

உரும்பிராய், 19 வயது: முறிந்தவை நாலும் இடப்பக்கம், நாலும் கழுத்தில். நீங்கள் சொன்னபடி கட்ட முடிவெடுத்துவிட்டேன். பழைய ஹப்பை வைத்துக் கட்டலாமா? கட்டிய பிறகு எப்போது திரும்பக் காட்ட வேண்டும்?

ஹப்பின் துளைகள் கம்பி இழுத்த பக்கம் நீண்டு போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோனைக் கழற்றி, போல்ஸ் ஓடுகிற தடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சுத்தமாக இருந்தால் அதே ஹப்பில் கட்டலாம், காசு மிச்சம். பழைய கம்பி ஒன்றுகூட வேண்டாம், எல்லாம் புதிது. கட்டி 300 கிலோமீற்றர் ஓடியதும் ஒருதரம் கொண்டு வாருங்கள், இறுக்கத்தைப் பார்த்துத் தருகிறேன். வரும்போது முறிந்த நாலு கம்பியையும் எடுத்து வாருங்கள், முறிந்த வாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.