கோட்டையூரிலிருந்து மலேசியாவுக்குத் தேன்குழல்: லேபிளில் ‘ஹலால்’ போடலாமா?

வணக்கம் ஆச்சி. பினாங்குக் கடைக்காரர் சொன்னதால் நீங்களே ‘ஹலால்’ என்று அச்சிட்டு விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த லேபிளோடு சரக்கை ஏற்றாதீர்கள்.

தேன்குழலில் இறைச்சியே இல்லையே என்று தோன்றும். மலேசியாவில் ‘ஹலால்’ என்பது சட்டம் காக்கும் சொல். அரசின் இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிமோ, அது அங்கீகரித்த வெளிநாட்டு அமைப்போ சான்று தந்தால்தான் எழுதலாம். விற்பதற்குச் சான்று கட்டாயமில்லை, சான்றில்லாமல் சும்மா எழுதுவதுதான் குற்றம். தமிழர் கடைகளுக்கு மட்டும் என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், போதும். மலாய்க்காரர்களும் வாங்கும் பெரிய கடை என்றால் சான்று இல்லாமல் நகராது. அப்போது சான்று தருபவர்கள் எண்ணெய், வண்ணம், பாத்திரம் வரை பார்ப்பார்கள்.

லேபிள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம். ‘சமையல் எண்ணெய்’ என்று மொட்டையாக எழுதாமல் எந்த எண்ணெய் என்று குறிப்பிடுங்கள். அங்குள்ள இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு மூன்றும் வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொன்று: கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளி, சனி. கெடாவிலுள்ள சுங்கைப்பட்டாணிக் கடைக்கு அனுப்பினால் அதற்கேற்ப நாள் குறியுங்கள்.