பதில் வராத நிரூபணங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதிலிருந்தே கணக்குப் பைத்தியம். கொலாட்ஸ் ஊகத்தை நிரூபித்துவிட்டேன் என்று உறுதியாக நம்புகிறேன். நாற்பது பக்கம் டைப் செய்து பல பேராசிரியர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒருவர்கூட 'கிடைத்தது' என்று ஒரு வரி போடவில்லை. ஒரு பெரிய நிறுவனத்துக்கு நேரிலேயே போனேன், செக்யூரிட்டியைத் தாண்ட முடியவில்லை. ஆனால் இங்கிலாந்தில் அச்சுத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஏதோ டைல்ஸ் வடிவம் கண்டுபிடித்தார் என்று உலகமே கொண்டாடுகிறது. வெள்ளைக்காரர் என்பதாலா? இன்று ராமானுஜன் கடிதம் எழுதினால் அது ஸ்பாம் ஃபோல்டருக்குத்தான் போகும். சிந்து எழுத்தைப் படிப்பதற்கும் என்னிடம் ஒரு வழி இருக்கிறது. முனைவர் பட்டம் இல்லாதவன் ஆராய்ச்சி செய்யவே கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். ஒரு வரி பதில் போடுவதற்கு யாருக்கும் கை வலிக்காது, அதுவும் வயதில் பெரியவருக்கு. மீதிப் பாதியோடு எனக்கு உடன்பாடில்லை, அதைத்தான் எழுதப் போகிறேன்.

மற்றவர்களுக்காக முதலில் கொலாட்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், இரட்டைப்படையாக இருந்தால் பாதியாக்குங்கள், ஒற்றைப்படையாக இருந்தால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள், திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள். 7-இல் தொடங்கினால் 22, 11, 34, 17, 52, 26, 13, 40, 20, 10, 5, 16, 8, 4, 2, 1. எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1-க்கு வந்துவிடும் என்பதுதான் ஊகம். 27-ஐப் போட்டால் 9232 வரை ஏறி, 111 படி கடந்துதான் 1-க்கு வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் கேள்வி, இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை. 2019-இல் கணிதர் டெரன்ஸ் டாவ் ஒரு பெரிய அடி முன்னே வைத்தார். அவர் காட்டியதும் 'ஏறக்குறைய எல்லா எண்களும் மிகக் கீழே இறங்கிவிடும்' என்பதை மட்டும்தான். எல்லா எண்களும் என்றோ, 1 வரைக்கும் என்றோ அவர் சொல்லவில்லை.

உங்கள் நாற்பது பக்கத்தை நான் பார்க்கவில்லை, அதனால் அது சரி, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன், இதற்கு எந்தப் பேராசிரியரும் வேண்டாம். 'ஒன்றைக் கூட்டு' என்று வரும் இடத்திலெல்லாம் 'ஒன்றைக் கழி' என்று மாற்றி எழுதுங்கள். இப்போது 5-ஐப் போடுங்கள்: மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 14, பாதி 7, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 20, பாதி 10, பாதி 5. தொடங்கின இடத்துக்கே வந்தாயிற்று, இனி காலம் முழுக்க இந்த ஐந்து எண்களுக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான். 17-இல் தொடங்கினாலும் இப்படித்தான், இன்னும் பெரிய வட்டம். ஆக, கழித்தலை வைத்துச் சொன்னால் ஊகம் பொய். இந்த மாற்றத்தோடு உங்கள் நிரூபணத்தை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே வாருங்கள். எந்த வரியில் 'இது இனிமேல் செல்லாது' என்று நிற்கிறீர்களோ அந்த வரியில்தான் உங்கள் நிரூபணத்தின் உயிர் இருக்கிறது. எங்கேயும் நிற்காமல் நாற்பதாம் பக்கம் வரை வந்துவிட்டால், மன்னிக்கவும், நீங்கள் ஒரு பொய்யையும் சேர்த்து நிரூபித்திருக்கிறீர்கள். இந்த ஊகத்துக்கு வரும் நிரூபணங்கள் வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடம் உண்டு: ஒற்றைப்படை எண் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக முக்கால் பங்காகக் குறைகிறது, அதனால் கடைசியில் 1-க்கு வந்தே தீரும் என்ற வாதம். சராசரி உண்மைதான், ஆனால் கழித்தலுக்கும் அதே முக்கால்தான் வருகிறது.

இனி அந்த இங்கிலாந்துக்காரர். பெயர் டேவிட் ஸ்மித், யார்க்‌ஷயர் கடலோரத்தில் பிரிட்லிங்டன் என்ற ஊர். அவர் கண்டது பதின்மூன்று பக்கம் கொண்ட ஒரு வடிவம். காற்றாடி மாதிரியான எட்டு நாற்கரங்களை ஒட்டினால் வருவது, பார்க்கத் தொப்பி போல இருப்பதால் 'ஹேட்' என்றே பெயர். இந்த ஒரே டைலைக் கொண்டு எவ்வளவு பெரிய தரையையும் இடைவெளி இல்லாமல் நிரப்பலாம், ஆனால் அந்தக் கோலத்தை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நகர்த்தி வைத்தாலும் அது தன்மேல் தானே பொருந்தவே பொருந்தாது. வேறு மாதிரி அடுக்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்று பார்த்தாலும் முடியாது. 1966-இல் ராபர்ட் பெர்கர் இந்தக் குணத்தை முதன்முதலில் காட்டியபோது அவருக்கு 20,426 வகை டைல் தேவைப்பட்டது. எழுபதுகளில் பென்ரோஸ் அதை இரண்டுக்குக் கொண்டுவந்தார். ஒரே ஒரு டைல் போதுமா என்ற கேள்வி அதற்கப்புறம் அரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது.

ஸ்மித் 2022 நவம்பரில் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கணினியில் ஒரு புதிர் மென்பொருளை வைத்து வடிவங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், இந்த ஒன்று மட்டும் விசித்திரமாக நடந்துகொள்கிறது என்று கண்டதும் அட்டையில் அதைப் பல பிரதிகள் வெட்டி மேசைமேல் அடுக்கினார். நிரம்பிக்கொண்டே போகிறது, ஆனால் ஒழுங்கு எதுவும் தென்படவில்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருக்கும் கிரெய்க் கேப்லன் இதே மாதிரி வடிவங்களைச் சோதிக்க நிரல் எழுதி வைத்திருப்பவர், ஏற்கெனவே பழக்கமும் உண்டு. அவருக்கு எழுதினார். நிரூபித்துவிட்டேன் என்று எழுதவில்லை, இப்படி ஒன்று அகப்பட்டிருக்கிறது, பாருங்கள் என்றார். வடிவம் மின்னஞ்சலிலேயே இருந்தது, எவரும் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு நிரூபணத்துக்கு ஜோசஃப் மையர்ஸ், ஹைம் குட்மன்-ஸ்ட்ராஸ் என்று இன்னும் இருவர் சேர்ந்தார்கள் (மையர்ஸ் கணிதத்தில் முனைவர், ஆனால் பிழைப்பு மென்பொருள் வேலை). 2023 மார்ச்சில் கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் ஸ்மித்துடையது. சிலர், தொப்பியைத் திருப்பிப் போட்ட கண்ணாடி பிம்பமும் இதில் கலந்து வருகிறதே, அப்படியென்றால் இரண்டு டைல்தானே என்று குறை சொன்னார்கள். மே மாதமே அதே நால்வர் பிம்பம் தேவைப்படாத இன்னொரு வடிவத்தோடு வந்துவிட்டார்கள்.

இதில் ஸ்மித்தின் தோலைப் பார்த்து யார் என்ன முடிவு செய்தார்கள்? டைல் கணக்கு எப்போதும் வெளியாட்களைச் சேர்த்துக்கொண்ட துறை. எழுபதுகளில் கலிஃபோர்னியாவில் மார்ஜரி ரைஸ் என்ற இல்லத்தரசி, பள்ளிப் படிப்போடு நின்றவர், ஒரு பத்திரிகைப் பத்தியைப் படித்துவிட்டு, தானே ஒரு குறியீட்டு முறையை உருவாக்கி, தரையை நிரப்பும் ஐங்கோணங்களில் நான்கு புதிய வகைகளைக் கண்டார். அதைச் சரிபார்த்த கணிதப் பேராசிரியைக்கு முதலில் அந்தக் குறியீடு விளங்கவில்லை, ஆனால் படம் படமாக வரைந்து சரிபார்க்க முடிந்தது. அது போதுமாக இருந்தது.

பட்டமும் பதவியும் இருந்துவிட்டால் நடந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷினிச்சி மோச்சிசுகி உலகம் மதிக்கும் கணிதர். 2012-இல் எண்களைப் பற்றிய ஏபிசி என்ற ஊகத்துக்கு ஐந்நூறு பக்கத்துக்கு மேல் நிரூபணம் வெளியிட்டார். வருடக்கணக்கில் யாருக்கும் புரியவில்லை. 2018-இல் பீட்டர் ஷோல்ட்ஸ, யாக்கப் ஸ்டிக்ஸ் என்ற இரண்டு கணிதர்கள் கியோட்டோவுக்கே போய் ஒரு வாரம் அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிரூபணம் உடைகிறது என்று எழுதினார்கள். அவர் மறுத்தார். 2021-இல் அவரே தலைமை ஆசிரியராக இருந்த இதழில் அது அச்சாகியும்விட்டது, கணித உலகத்தில் பெரும்பாலோர் இன்னும் ஏற்கவில்லை. மறுபக்கம் யீட்டாங் ஜாங்: சரியான வேலை கிடைக்காமல் சாண்ட்விச் கடையில் கணக்குப் பார்த்தவர், ஐம்பது வயது தாண்டி நியூ ஹாம்ப்ஷயரில் சாதாரண விரிவுரையாளர். 7 கோடிக்குக் குறைவான இடைவெளியில் வரும் பகா எண் ஜோடிகளுக்கு முடிவே இல்லை என்று 2013-இல் கட்டுரை அனுப்பினார், துறையின் தலையாய இதழ் சில வாரங்களில் ஏற்றுக்கொண்டது. அவர் யாரென்று தெரியாதவர்களுக்கும் ஒவ்வொரு படியும் தெரிந்த மொழியில் இருந்தது. அப்புறம் மற்றவர்கள் கூடி அந்த 7 கோடியை 246-ஆகக் குறைத்தார்கள்.

ராமானுஜனை இழுத்தீர்கள். கணிதர் ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் இரண்டு பேர் அவர் கடிதத்தைக் கண்டுகொள்ளவில்லை என்பது உண்மை, அது உங்கள் பக்கம். ஆனால் 1913-இல் எழுதுவதற்கு முன்பே இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் கட்டுரை வந்துவிட்டது. கடிதத்தில் பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். ஹார்டி உட்கார்ந்து பார்த்தபோது சில ஏற்கெனவே தெரிந்தவை, சிலவற்றை முக்கி முனகி அவரால் நிரூபிக்க முடிந்தது, சில அவர் கண்டே இராதவை. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்னது தப்பு, அதையும் ஹார்டி கண்டுபிடித்துச் சொன்னார். சரியோ தப்போ, பார்த்துச் சொல்லிவிடக்கூடியதை அனுப்பியிருந்தார்.

சிந்து எழுத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் தமிழக அரசு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்ததிலிருந்து 'படித்துவிட்டேன்' என்று சொல்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், முத்திரைகளில் இருக்கும் வாசகம் சராசரியாக ஐந்து குறிகள்தான், இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்து குறிக்கு நீங்கள் தமிழ் சொன்னாலும் பொருந்தும், சம்ஸ்கிருதம் சொன்னாலும் பொருந்தும், கொஞ்சம் வளைத்தால் எதுவும் பொருந்தும்.

கிரேக்கத்தில் களிமண் பலகைகளில் கிடைத்த லீனியர் பி என்ற பழைய எழுத்தைப் படித்த மைக்கேல் வென்ட்ரிஸ் கட்டடக் கலைஞர், மொழியியல் பட்டம் கிடையாது. அமெரிக்காவில் ஆலிஸ் கோபர் என்ற பேராசிரியை, காகிதத் தட்டுப்பாட்டில் பழைய வாழ்த்து அட்டைகளையும் எதையெதையோ வெட்டி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கிச் சேர்த்த குறிப்புகளைக் கொண்டு கண்டுபிடித்ததுதான் வென்ட்ரிஸுக்கு அடித்தளமானது. கோபர் 1950-லேயே இறந்துவிட்டார், அவருக்குப் போக வேண்டிய புகழ் பாதிகூடப் போகவில்லை. வென்ட்ரிஸ் தன் குறிப்புகளை அறிஞர்களுக்கு அவ்வப்போது படியெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த எழுத்தின் மொழி பழைய இத்தாலியின் எட்ரஸ்கனுக்கு உறவானது என்று நம்பிக்கொண்டிருந்தவர், 1952-இல் கிரேக்கம் என்று மாறினார். பலர் நம்பவில்லை. அடுத்த வருடம், கிரேக்கத்தின் பைலோஸில் தான் தோண்டியெடுத்திருந்த ஒரு பலகையில் அகழாய்வாளர் கார்ல் பிளேகன் வென்ட்ரிஸின் ஒலிகளைப் பொருத்திப் பார்த்தார். வென்ட்ரிஸ் அந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை. முக்காலி படம் இருந்த இடத்தில் 'தி-ரி-போ' என்று, அதாவது கிரேக்கத்தில் முக்காலி என்றே வந்தது. நாலு பிடி வைத்த பாத்திரத்துக்கு முன்னால் நாலு பிடி, மூன்று பிடிக்கு மூன்று, பிடியே இல்லாத பாத்திரத்துக்கு முன்னால் பிடியில்லாதது என்று கிரேக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தது. அதற்கப்புறம் வாதாட அதிகம் மிச்சமில்லை.

நம் ஐராவதம் மகாதேவனும் தொழில்முறைப் பேராசிரியர் இல்லை. ஐஏஎஸ் அதிகாரி, பிறகு தினமணி ஆசிரியர். சிந்து மொழி திராவிடம் என்பது அவர் கருத்து. ஆனால் 1977-இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் அந்தக் கருத்தைத் திணிக்கவில்லை: அன்று கிடைத்த வாசகங்கள், 417 குறிகள், எது எதற்கு முன்னால் எத்தனை தடவை வருகிறது என்ற அட்டவணைகள். அவரோடு உடன்படாதவர்களும் இன்றைக்கு அதைத்தான் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். சொந்தக் கருத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இத்தனை வருட உழைப்பைப் பொதுவில் போட்டதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

உங்கள் கொலாட்ஸ் விஷயத்தில் இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. லீன் என்று ஒரு மென்பொருள், இலவசம். நிரூபணத்தை அதன் மொழியில் எழுதினால் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும், ஓட்டை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடும். மேலே சொன்ன ஷோல்ட்ஸ, கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர், தன்னுடைய ஒரு தேற்றத்தின்மேல் தனக்கே முழு நம்பிக்கை வரவில்லை என்று 2020 டிசம்பரில் பகிரங்கமாக எழுதி, அதை லீனில் சரிபார்த்துத் தரும்படி கேட்டார். ஒரு குழு உழைத்து 2022 ஜூலையில் முடித்தது. கற்றுக்கொள்வது சுலபம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ரிலே செட்டிங்கும் சர்க்யூட் வரைபடமும் பார்த்துப் பழகியவருக்கு அந்தப் பொறுமை ஏற்கெனவே இருக்கும். அதற்கு உங்கள் சர்டிஃபிகேட் தேவையில்லை, வாசலில் செக்யூரிட்டியும் இல்லை.

ஆனால் முதலில் அந்தக் கழித்தல் சோதனை. அதில் தேறினால் நாற்பது பக்கத்தை அனுப்பாதீர்கள், எந்த வரியில் கூட்டலும் கழித்தலும் பிரிகின்றனவோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புங்கள், ஒரு பக்கத்தைப் படிக்க யாராவது கிடைப்பார்கள். சிந்து யோசனைக்கு மகாதேவனின் தொகுப்பை எடுத்துப் பாதி வாசகங்களை மூடி வையுங்கள். திறந்த பாதியை வைத்து ஒவ்வொரு குறிக்கும் ஒலியையோ பொருளையோ எழுதி, தேதி போட்டு, யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், அப்புறம் எதையும் மாற்றக் கூடாது. பிறகு மூடிய பாதியைத் திறந்து படித்துப் பாருங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள், ஒன்றும் வரவில்லை என்றாலும்.

அன்புடன்