வாசகர் கேள்வி–பதில்: ஒரு செமஸ்டர் ஜெர்மனிக்குப் போகலாமா?

கேள்வி: இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். எங்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் உள்ள ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, அக்டோபர் செமஸ்டருக்கு என்னைத் தேர்வு செய்திருக்கிறார்கள். துறைத் தலைவர் "போய்ட்டு வாப்பா, கிரெடிட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். சீனியர்களோ ஒரு வருடம் வீணாகும் என்கிறார்கள். போகலாமா? (கோவை வாசகர்)

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் அந்த "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் (மாணவர் பரிமாற்றம்) போய்த் திரும்பியவர்கள் அரியரோடு அல்லாடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் அங்கே படிக்காமல் இருந்தது இல்லை, இங்கே எழுத்தில் வாங்காமல் போனதுதான். அங்கே எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, அது இங்கே எந்தப் பாடத்துக்குப் பதிலாகும் என்று எழுதி, நீங்களும் இரண்டு பல்கலைக்கழகங்களும் கையெழுத்துப் போடும் தாள்தான் லேர்னிங் அக்ரிமெண்ட். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டரின் முழுச் சுமை 30 ஈ.சி.டி.எஸ். (ஐரோப்பிய நாடுகளின் பொதுக் கிரெடிட் முறை) கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதை உங்கள் கல்லூரி எத்தனை கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஒப்புதலையும் சேர்த்து வாங்குங்கள், ஏனென்றால் நீங்கள் திரும்பி வரும்போது துறைத் தலைவரே மாறியிருக்கலாம்.

அடுத்தது மதிப்பெண். அங்கே 1.0தான் உச்சம், 4.0 வந்தால் தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. இந்தத் தலைகீழ் அளவைத் தெரியாத ஒருவர் உங்கள் 1.3-ஐப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்க, எந்த வாய்பாட்டில் மாற்றுவார்கள் என்பதையும் முன்னாடியே கேட்டு வையுங்கள்.

உண்மையான சிக்கல் காலண்டரில் இருக்கிறது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி தொடக்கம் வரை போகும், தேர்வுகள் அதற்கப்புறம்தான், சில மார்ச்சில்கூட வரும். உங்களுக்கோ ஏழாவது செமஸ்டர் ஜூலையிலேயே ஆரம்பிக்கிறது, எட்டாவது செமஸ்டர் ஜனவரியில். ஆக, ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே என்ன செய்வது, ஜனவரியில் வருகைப்பதிவை யார் பார்ப்பது என்று இரண்டு கேள்விகள். எட்டாவது செமஸ்டரில் பெரும்பாலும் புராஜெக்ட்தான் என்பதால், கைடு யார், தலைப்பு என்ன என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட்டு அங்கிருந்தே வேலையைத் தொடங்கினால் சமாளிக்கலாம். பிளேஸ்மெண்ட் நேர்காணல்களை ஆன்லைனில் எடுத்துக்கொள்ள அனுமதிப்பார்களா என்றும் கேளுங்கள். டிரான்ஸ்கிரிப்ட், அதாவது அங்கே தரும் மதிப்பெண் பட்டியல், தேர்வு முடிந்ததும் கையில் வந்துவிடாது, சில வாரங்கள் ஆகும், இதையும் கல்லூரியில் சொல்லி வையுங்கள். இதைப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: முடிந்தால் ஐந்தாவது செமஸ்டரில் போங்கள், இந்த நெருக்கடியில் பாதி இருக்காது. சிங்கப்பூரில் முதல் செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது, நம் காலண்டரோடு அதிகம் மோதாது.

அங்கே போனதும் இரண்டு விஷயம். ஜெர்மனியில் இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும், ஆங்கிலப் பாடங்கள் முதுநிலையில்தான் அதிகம், அதனால் ஒவ்வொரு பாடமும் எந்த மொழியில் என்று பட்டியலைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், வகுப்புக்குப் போவது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பல இடங்களில் தேர்வுக்கென்று தனியாக, குறிப்பிட்ட தேதிக்குள், இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். செமஸ்டர் முழுக்க ஒரு நாள் விடாமல் உட்கார்ந்திருந்தாலும் அந்தத் தேதியை விட்டால் தேர்வு எழுத முடியாமல் போகலாம். இன்டர்னல் மார்க் காப்பாற்றும் என்ற நினைப்பும் வேண்டாம், பல பாடங்களில் கடைசியில் எழுதும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண்ணும்.

கேள்வி: மகள் ஒரு செமஸ்டர் ஜெர்மனி போகிறாள். படிப்புக் கட்டணம் இல்லை என்கிறார்கள், பிறகு எதற்கு வங்கியில் லட்சக்கணக்கில் காட்டச் சொல்கிறார்கள்? சாப்பாட்டுக்கு என்ன கொடுத்து அனுப்பலாம்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: எக்ஸ்சேஞ்சில் படிப்புக் கட்டணம் இங்கே கட்டுவதுதான், அங்கே செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகை மட்டும் இருக்கும். நீங்கள் கேட்கும் பணம் கட்டணம் இல்லை அம்மா, மகளின் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம், அவள் பெயரிலேயே இருக்கும். அதைத்தான் பிளாக்டு அக்கவுண்ட் என்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்பது விசாவுக்கான கணக்கு, ஒரு செமஸ்டர் என்றால் தங்கும் மாதங்களுக்கு ஏற்றபடி. அங்கே போனதும் மாதாமாதம் அதிலிருந்து பணம் வரும். இதில் மருத்துவக் காப்பீட்டுக்கே மாதம் 140 யூரோவுக்கு மேல் போய்விடும். வாடகை ஊருக்கு ஊர் மாறும், மியூனிக்கில் மிக அதிகம். தேர்வான கடிதம் கிடைத்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அறை கிடைப்பதுதான் இப்போது விசாவைவிடக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் தேவை. முகவரியைப் பதியவே முடியாது என்று யாராவது அறை கொடுத்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, புளி, அப்பளம் தாராளமாகக் கொடுங்கள். நெய், பால்கோவா கொடுக்காதீர்கள்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, செடி நலச் சான்றிதழ் கேட்பார்கள். கவலைப்படாதீர்கள், ஈழத்துத் தமிழர்கள் நடத்தும் கடைகள் பல ஜெர்மன் நகரங்களில் இருக்கின்றன, முருங்கைக்காய்கூடக் கிடைக்கும். ஹம் நகரில் அவர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, விடுமுறை நாளில் போய்வரச் சொல்லுங்கள். குக்கர் ஒன்று சிறியதாக வாங்கிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்கி வைக்கும் பழக்கத்தை இப்போதே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு கன்சல்டன்சி, பணம் கட்டினால் என் மகனுக்கு எக்ஸ்சேஞ்ச் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. நம்பலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தம், மகனின் கல்லூரி அவன் பெயரைப் பரிந்துரைத்தால்தான் இடம், வெளியாள் யாரும் அதை விற்க முடியாது. அவர்கள் தருவது காசு கட்டிப் படிக்கும் வேறு திட்டமாக இருக்கும், அதற்கு உங்கள் கல்லூரி கிரெடிட் தருமா என்பது தனிக் கேள்வி. கல்லூரியின் சர்வதேச உறவுகள் அலுவலகத்துக்கு நேரில் போய், ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகங்களின் பட்டியலைக் கேளுங்கள், பைசா செலவில்லை.

கேள்வி: வடக்கு ஜெர்மனிக்கு எக்ஸ்சேஞ்ச் வந்திருக்கிறேன். நவம்பரிலேயே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வகுப்பில் யாரும் பேசுவதில்லை, அறையில் தனியாகவே இருக்கிறேன். பாதியில் திரும்பிவிடலாமா என்று இருக்கிறது. (ஒரு மாணவி)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். இப்போது முடிவெடுக்க வேண்டாம், நவம்பர் அங்கேயே பிறந்தவர்களுக்கும் கனமான மாதம்தான். வெளிச்சம் இருக்கும் நேரத்தில், மதியம் ஒரு நடை, மழை தூறினாலும் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டு வாருங்கள், இது உடம்புக்கு நிஜமாகவே வேலை செய்கிறது.

அவர்கள் பேசாததை உங்களைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வகுப்பு முடிந்து டீக்கடையில் நிற்கும்போது தானாக நட்பு வருகிற வழக்கம் குறைவு, ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்யும்போதுதான் பேச்சு தொடங்கும். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் குறைந்த கட்டணத்தில் பேட்மிண்டன் முதல் நடனம் வரை வகுப்புகள் இருக்கும், ஏதாவது ஒன்றில் சேர்ந்து வாராவாரம் அதே ஆட்களைப் பாருங்கள். மொழி பரிமாற்றத்துக்கு ஆள் சேர்த்துவிடும் டாண்டம் திட்டம் இருந்தால் பெயர் கொடுங்கள். ஜெர்மன் தப்பும் தவறுமாக வந்தாலும் பரவாயில்லை. பொதுச் சமையலறையில் ஒரு நாள் எலுமிச்சை சாதம் செய்து பக்கத்து அறைக்காரரைக் கூப்பிடுங்கள், நம் ஊர்ப் பிள்ளைகளோடு மட்டும் இருந்துவிடாதீர்கள், அவர்களே இல்லாமலும் இருந்துவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு விடுதி காலியாகிவிடும், 25, 26 தேதிகளில் கடைகளும் இருக்காது. அந்த இரண்டு வாரத்துக்கு யாரோடு எங்கே என்று இந்த வாரமே திட்டம் போடுங்கள், தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம். மாணவர் நலச் சேவையில் மனநல ஆலோசகர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் கட்டணம் கிடையாது, பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். நாளைக் காலையே மின்னஞ்சல் போட்டு நேரம் கேளுங்கள். அம்மாவிடமும் இன்றே போனில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எனக்கும் ஜனவரியில் ஒரு வரி எழுதுங்கள், எதிர்பார்த்திருப்பேன்.