டீச்சரின் 140 ஜிபி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. லேப்டாப்பில் 140 ஜிபி சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் மகள் கல்யாணப் படங்களும் வீடியோவும். மீதி, இருபது வருடமாக நானே டைப் செய்த வினாத்தாள்கள், கட்டுரைகள். மகன் ‘எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டுவிடு’ என்கிறான். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இருவர் பேச்சையும் பாதிப் பாதி கேளுங்கள் டீச்சர்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதிலும் உங்கள் ஜிமெயில் ஒரு பங்கைச் சாப்பிட்டிருக்கும். மிச்சத்துக்குச் சந்தா கட்டலாம், சரி. ஏற்றுவது எப்படி? செல்போன் டேட்டாவில் நாளைக்கு ஒன்றரை ஜிபி வீதம் ஏற்றினால் மூன்று மாதம் ஆகும். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றுகிற பிராட்பேண்ட் இருந்தாலும் நிற்காமல் 31 மணி நேரம். அதே சரக்கு யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கில், நீங்கள் குழம்பு கொதிக்கவைத்து இறக்குவதற்குள் ஏறிவிடும். அதனால் படங்களுக்கு ஹார்ட் டிஸ்க். வினாத்தாளும் கட்டுரையும் எத்தனை இருந்தாலும் ஒரு ஜிபியைத் தாண்டாது, பந்தயம் கட்டுகிறேன். அவற்றை மட்டும் மகன் சொன்னபடி கூகுளிலும் போட்டுவையுங்கள்.

கடைக்காரர் ஒரு டிஸ்க் என்றார், நான் இரண்டு என்கிறேன். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று மகன் வீட்டில்.

ஏன் என்று கேட்டால் என் கதையைத்தான் சொல்லவேண்டும். 2015 டிசம்பர் 1 ராத்திரி, ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் வாசல்படி ஏறியது. லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பேக்கப் டிஸ்க் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டு மாட்டி வைத்திருக்கிறோமே என்ற தைரியம். தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தால், கடையில் தங்கமீனைக் கவரில் கட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி டிஸ்க் உள்ளே மிதக்கிறது. ஊராருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் வீட்டு லட்சணம் இது. படியில் கால் வழுக்கி லேப்டாப்பும் விழுந்திருந்தால் என் பையனின் முதல் ஐந்து வருடப் படங்கள் அன்றோடு சரி. இப்போது ஒரு டிஸ்க் மதுரையில் தங்கை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருகிறேன்.

காப்பி முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கிறதா? அந்த வகை வைரஸ், கூடவே செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும். பெட்டிக்குள் கிடக்கிற டிஸ்கை அது ஒன்றும் செய்யமுடியாது.

கூகுள் டிரைவில் ‘சிங்க்’ போட்டு வைத்திருந்தால் ஒரு சங்கதி. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. பேரன் போனில் ஒரு ஃபோல்டரை அழித்தால் லேப்டாப்பிலும் போய்விடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் மீட்கலாம். இன்னொன்று, பேக்கப்புக்கென்றே புது ஜிமெயில் தொடங்கிவிட்டு மறந்துவிடாதீர்கள். 2 வருடம் திறக்காத கணக்கை அழிக்கும் விதியை 2023 முதல் கூகுள் வைத்திருக்கிறது.

இனி, தமிழாசிரியை என்பதால் உங்களுக்கு மட்டும். இருபது வருடம் முந்தைய வினாத்தாளை, இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கிற யூனிகோடு எழுத்துமுறையிலா டைப் செய்திருப்பீர்கள்? பாமினியோ வேறு ஏதோ பழைய ஃபான்டோ. கோப்பை மட்டும் காப்பி செய்து புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால், ‘பொருள் கூறுக’ இருந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஃபான்ட் கோப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பொறுமை இருந்தால் முக்கியமான கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. எனக்கென்னவோ, கல்யாண வீடியோவைவிட இதுதான் அவசரம் என்று படுகிறது. வீடியோகாரரிடமோ சம்பந்தி வீட்டிலோ இன்னொரு பிரதி கிடைத்தாலும் கிடைக்கும், உங்கள் வினாத்தாள் வேறு யாரிடம் இருக்கும்?

எல்லாம் முடிந்ததும் டிஸ்கை மகனுடைய கம்ப்யூட்டரில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு நாலு கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலேயே பார்த்தால் ஃபான்ட் பிரச்சினை தெரியாது. பென் டிரைவ் வேண்டாம். அது கொண்டுபோய்க் கொடுக்கத்தான், வைத்துக்கொள்ள அல்ல.

கேள்வி: ஹார்ட் டிஸ்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகுமாமே?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: ஃப்ரிட்ஜில் மாவு வையுங்கள் தம்பி. குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்தால் நீர் கோத்துக்கொள்ளும், இருக்கிற கொஞ்ச உயிரும் போய்விடும். உள்ளே தகட்டின் மேல் ஓடும் முள் தடுமாறும் சத்தம் அது. உடனே அணைத்துவிடுங்கள், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். டேட்டா மீட்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். எத்தனை ஆயிரம் ஆகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் டீச்சருக்குச் சொன்ன இரண்டு டிஸ்கும் வாங்கிவிடலாம்.