சங்கத்திற்குக் கரை வேட்டி கட்டாதீர்கள்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நெடுநாள் பொருளாளராக இருந்தவள் என்பதால், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் ஒரே விஷயத்தைப் பல விதமாகக் கேட்கிறார்கள். பெற்றோர் சங்கத்திற்குள் கட்சி நுழையாமல் பார்த்துக்கொள்வது எப்படி? வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் அடுத்த கூட்டத்தில் அவர்களுக்கு டீ கூடக் கிடைக்காது.

காரைக்குடி: ஆச்சி, எங்கள் சங்கத் தலைவருக்குக் கட்சியில் வட்டச் செயலாளர் பொறுப்பு கிடைத்திருக்கிறது. நல்ல மனிதர், சங்கத்துக்கு உழைத்தவர். அவரைப் போகச் சொல்வதா?

கட்சியில் இருப்பது குற்றமில்லை. உங்கள் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் அரசியல்காரர்தான். காங்கிரஸில் இருந்தவர், பிறகு சுதந்திராக் கட்சிக்குப் போய் 1962இல் காரைக்குடித் தொகுதியிலேயே வென்றவர். அவருடைய கம்பன் விழா மேடையில் பொதுவுடைமைக்காரரான ஜீவானந்தம் பேசினார். இருவருடைய அரசியலும் கீரியும் பாம்பும். மேடை கம்பனுக்கு உரியது என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லாததால் அது நடந்தது.

ஆனால் உறுப்பினர் வேறு, பொறுப்பாளர் வேறு. சங்கத்தின் பெயரில் கையெழுத்துப் போடுகிறவர் மறுநாள் கட்சி அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டால், படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்ப்பார். கட்சிப் பொறுப்பில் இருப்பவரோ தேர்தலில் நிற்பவரோ தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று இடங்களில் இருக்கக் கூடாது என்று விதியில் எழுதுங்கள். ஓர் ஆளை விரட்ட எழுதிய விதி என்று பேச்சு வராதபடி, அடுத்த பொதுக்குழுவிலிருந்து நடைமுறைக்கு வரட்டும். அந்தத் தீர்மானத்தை அவரையே முன்மொழியச் சொல்லுங்கள். நல்ல மனிதர் என்கிறீர்களே, செய்வார்.

திருமயம்: பள்ளி மேலாண்மைக் குழுவில் வார்டு உறுப்பினர் இருக்கிறார். அவரும் கட்சிக்காரர்தானே? அவரை எப்படி விட்டு வைப்பது?

அவரை அங்கே உட்கார வைத்தது சட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு. மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், கூடவே உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் இருக்க வேண்டும் என்கிறது அது. எண்ணிக்கை உங்கள் பக்கம் இருக்கும்போது அவரைக் கண்டு பயப்படுவானேன்? பயப்பட வேண்டியது, பெற்றோர் உறுப்பினர்கள் கூட்டத்துக்கே வராமல் வீட்டுக்கு வந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதைக் கண்டுதான்.

தேவகோட்டை: வாட்ஸப் குழுவில் தலைவர்கள் பிறந்தநாள் வாழ்த்து குவிகிறது. சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

எல்லாக் குழுவிலும் இது ஒரே மாதிரிதான் நடக்கிறது. காலை ஆறு மணிக்கு ஒருவர் தன் தலைவர் படத்தைப் போடுவார். ஐந்து பேர் கைகூப்புவார்கள். ஆறாவது ஆள் எதுவும் எழுதாமல் வேறொரு தலைவரின் பழைய படத்தைப் போடுவார். அதன் பிறகு 2ஜி, ஊழல், பரம்பரை, டெல்லி என்று ஊர்வலம் போகும். நடுவில் ஓர் ஆசிரியை, “நாளை அரையாண்டுத் தேர்வு, கணக்குத் தேர்வு காலையிலேயே தொடங்கும்” என்று போட்ட அறிவிப்பு எங்கோ மேலே போய்விடும். மறுநாள் பள்ளி வாசலில் நான்கு குழந்தைகள் தாமதமாக வந்து அழுதுகொண்டு நிற்கும்.

அறிவிப்புக்கு ஒரு குழு வையுங்கள். அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். பேச்சுக்கு வேண்டுமானால் இன்னொரு குழு இருக்கட்டும். நிர்வாகிகள் மூன்று பேர் போதும், மூவரும் ஒரே சாய்வு உள்ளவர்களாக இருக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நிர்வாகி முதலில் நீக்க வேண்டியது தன் கட்சிக்காரர் போட்ட படத்தை. அதைச் செய்த பிறகு மற்றவர் படத்தை நீக்கினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கானாடுகாத்தான்: ஒரு பிரமுகர் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் தருகிறார். அவர் படமும் கட்சி நிறமும் வேண்டுமாம். பிள்ளைகளுக்குத் தண்ணீர் முக்கியம் இல்லையா?

முக்கியம்தான் அம்மா. அதனால்தான் நிதானமாகக் கேட்க வேண்டும், அது யார் பணம்? சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வந்தால் அது நம் வரிப்பணம். ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கீடு உண்டு. கூச்சப்படாமல் கேட்டு வாங்கலாம். நன்றி சொல்லலாம், கடன்பட்டவர்போல் நிற்கத் தேவையில்லை.

சொந்தப் பணம் என்றால், உபயம் போடுவது நம் ஊருக்குப் புதிதல்ல. கோயில் படியிலும் மண்டபத் தூணிலும் உபயதாரர் பெயரைப் படித்து வளர்ந்தவர்கள்தானே நாம். பெயரைக் கல்லில் வெட்டுங்கள். சின்னம், கொடி நிறம், தலைவர் படம் மூன்றும் கூடாது. நாளைக்கே எதிர்க்கட்சிக்காரர் ஒரு மின்விசிறி தந்தாலும் அதே அளவு கல், அதே அளவு எழுத்து என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பிறகு அவரைச் சந்தியுங்கள். “விதி இப்படி இருக்கிறது ஐயா” என்று சொல்வது, “நீங்கள் படம் போடக் கூடாது” என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட எளிது. பொருள் வந்ததும் தலைமை ஆசிரியர் அதைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் தேர்தலில் தோற்ற மறுநாள் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

தேர்தல் தேதி அறிவித்த நாள் முதல் நடத்தை விதிகள் முடியும் வரை திறப்பு விழா எதுவும் வேண்டாம்.

புதுவயல்: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பொதுக்கூட்ட அறிவிப்பை வகுப்பில் சொல்லச் சொல்கிறார்கள்.

முடியாது என்று சொல்லுங்கள். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசியலில் பங்கெடுப்பதைத் தடுக்கின்றன. வேலை போனால் அவர்கள் சம்பளம் தரப்போவதில்லை.

ஆத்தங்குடி: கழிப்பறை கேட்டு மனுக் கொடுத்தோம். ‘நீங்கள் அரசியல் செய்கிறீர்கள்’ என்று ஊராட்சியில் சொல்கிறார்கள். நடுநிலை என்றால் வாயை மூடிக்கொள்வதா?

கழிப்பறைக்குக் கட்சி உண்டா? நடுநிலை என்பது யாரையும் கேட்காமல் இருப்பதல்ல, எல்லாரையும் ஒரே மாதிரி கேட்பது. கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீதை வாங்கி வையுங்கள். தேர்தல் வந்தால் ஒரே கடிதத்தை ஒரே நாளில் எல்லா வேட்பாளருக்கும் கொடுங்கள், சுயேச்சை உட்பட. யார் ஒப்புக்கொண்டார், யார் மழுப்பினார் என்று சங்கத்தின் பெயரில் பிரசாரம் செய்யாதீர்கள். ஊருக்கு அது தானாகவே தெரிந்துவிடும்.

கோட்டையூர்: எங்களுடையது தனியார் பள்ளி. கட்சித் தொல்லை இல்லை. ஆனால் சங்கம் நிர்வாகத்தின் சட்டைப் பையில் இருக்கிறது.

உங்கள் நோய்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கட்சிக் கொடி கண்ணில் படும். நிர்வாகத்தின் கையும், சாதிச் சங்கத்தின் கையும், டியூஷன் சென்டரின் கையும் கண்ணில் படாது. அவற்றையும் விதியில் பெயர் சொல்லி விலக்குங்கள்.

பெற்றோர் தனியாகச் சங்கம் பதிவு செய்யலாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். மாவட்டப் பதிவாளரிடம் துணைவிதிகளோடு கொடுக்க வேண்டும்.

பணத்தில்தான் சுதந்திரம் இருக்கிறது. நகரத்தார் ஊர்ப் பொதுவுக்குப் புள்ளி வரி போடும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புள்ளி என்றால் திருமணமான ஒரு குடும்பம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே தொகை. அதனால் பெரிய வீட்டுக்காரரும் சிறிய வீட்டுக்காரரும் ஒரே உரிமையோடு கணக்குக் கேட்கலாம். சங்கத்துக்கும் அப்படியே சிறிய சந்தா வையுங்கள். கட்டாயம் கூடாது, தராதவர் பெயர் எந்தப் பலகையிலும் வரக் கூடாது. வங்கிக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். ஆண்டு முடிவில் ஐந்தொகை (இருப்பு, கடன் கணக்கு) எடுத்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒரே ஆள் பாதிச் செலவை ஏற்றுக்கொண்ட சங்கத்தில், அவர் எழுந்து நின்றதும் மற்றவர் பேச்சை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அவர் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

பள்ளத்தூர்: பள்ளி மைதானத்தில் கட்சிக் கூட்டம் நடத்தச் சங்கத்திடம் அனுமதி கேட்கிறார்கள். தரலாமா?

மைதானம் உங்களுடையதா? இல்லை. இல்லாததை எப்படித் தருவீர்கள்? தலைமை ஆசிரியரைக் கேட்கும்படி எழுத்தில் பதில் கொடுங்கள். அவர்மேல் அழுத்தம் வரும். அதனால் பள்ளி நாளில் கூட்டம், ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம் என்று சங்கத்தின் தீர்மான நகல் ஒன்றை அவர் மேசையில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். மேலதிகாரிக்கு அனுப்ப அவருக்கு ஒரு காகிதமாவது இருக்கும்.