மருந்து ஆராய்ச்சியில் நிறமாலையியல்: கணக்குத் துறைக்காரர் அந்த விருந்துக்குப் போகலாமா?

கேள்வி: பினாங்கில் ஓர் அறிவியல் சங்கம் நடத்தும் இரவு விருந்துச் சொற்பொழிவுக்கு நண்பர் டிக்கெட் தந்திருக்கிறார். தலைப்பு, மருந்து ஆராய்ச்சியில் நிறமாலையியல். நான் கணக்குத் தணிக்கை செய்பவன். வேதியியலைப் படிவம் ஐந்தோடு விட்டவன். போனால் ஏதாவது புரியுமா? பேச்சாளரிடம் என்ன கேட்கலாம்?

பதில்: தாராளமாகப் போங்கள். மருந்து ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இந்த மாதிரி விருந்துகளைத் தவற விடுவதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் திரையில் ஓடும் வரைபடம் புரியாது. புரிந்தது போலத் தலையாட்டிக்கொண்டே, மீன் எப்போது வரும் என்று சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தணிக்கை தெரிந்த உங்களுக்கு இந்தத் துறையின் உண்மையான சிக்கல் அவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

அடிப்படை இவ்வளவுதான். ஒரு பொருளின் மேல் ஒளியையோ வானொலி அலையையோ செலுத்துகிறார்கள். எது உறிஞ்சப்பட்டது, எது மாறித் திரும்பியது என்று பார்க்கிறார்கள். அகச்சிவப்பு ஒளியில் மூலக்கூறின் பிணைப்புகள் அதிர்வது தெரியும். என்.எம்.ஆர். எனப்படும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, வலுவான காந்தத்துக்குள் வைத்த மூலக்கூறில் ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும். ராமன் முறையில் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் பெரும்பகுதி அதே நிறத்தில் சிதறும். ஏறத்தாழ கோடியில் ஒரு பங்குதான் நிறம் மாறி வரும். அந்த ஒரு பங்கில்தான் செய்தி இருக்கிறது.

ராமன் பெயரைக் கேட்டதும் உங்கள் மேசையில் யாராவது ஒருவர் "நம் திருச்சிக்காரர்" என்று நிமிர்ந்து உட்காருவார். உட்காரட்டும். 1928 பிப்ரவரி 28, கல்கத்தா, 1930இல் நோபல் பரிசு என்று பேச்சாளரும் சொல்வார். கூடவே இருந்து உழைத்த கே.எஸ். கிருஷ்ணனை அநேகமாக விட்டுவிடுவார். அவர் வத்திராயிருப்பில் பிறந்தவர். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கருவிகள் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். மூலப்பொருள் கிடங்கிலேயே இதைப் பார்க்கலாம். மாத்திரைக்கு உடம்பு கொடுக்கும் வெள்ளைத் தூள் ஒன்று உண்டு, மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ். பீப்பாயின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையைப் பிரிக்காமலேயே கைக்கடக்கமான ராமன் கருவியின் மூக்கை அதன் மேல் அழுத்துவார்கள். சற்று நேரத்தில் பச்சை விளக்கு எரியும்: செல்லுலோஸ்தான், ஏற்றுக்கொள். ஆனால் இதே தூளில் பி.எச். 101 என்றும் பி.எச். 102 என்றும் இரண்டு ரகங்கள் உண்டு. முன்னதன் சராசரித் துகள் சுமார் 50 மைக்ரான், பின்னது சுமார் 100. மூலக்கூறு ஒன்றே என்பதால் இரண்டுக்கும் பச்சை விளக்குதான். இயந்திரத்தில் ஒன்று சீராக ஓடும், மற்றொன்று தயங்கும், மாத்திரையின் எடை ஏறி இறங்கும். கருவி பொய் சொல்லவில்லை. "நீ யார்" என்று கேட்டார்கள், சொன்னது. "நீ எவ்வளவு பெரியவன்" என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க அண்மை அகச்சிவப்பு முறையோ சாதாரணச் சல்லடையோ வேண்டும்.

இது கிடங்கோடு முடிகிற தலைவலி. ஹெபாரின் கதை அப்படியல்ல. சொற்பொழிவில் அது வரவில்லை என்றால் நீங்களே கேட்டு வரவழையுங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஹெபாரின். டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சை என்று எல்லா இடத்திலும் அது வேண்டும். பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து அதை எடுக்கிறார்கள். (இதைச் சொன்னதும் மேசையில் ஹலால் பேச்சு தொடங்கிவிடும், நம் நாட்டில் அது நியாயமான பேச்சுதான், ஆனால் கதை அதுவல்ல.) 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் அமெரிக்காவில் இந்த மருந்து ஏற்றப்பட்ட நோயாளிகள் பலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது, இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்தது. இறந்தவர்களும் உண்டு. சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் வேறொன்று கலந்திருந்தது: அளவுக்கு மீறிச் சல்பேட் ஏற்றப்பட்ட காண்ட்ராய்ட்டின் சல்பேட். அந்த வடிவில் அது இயற்கையில் கிடைப்பதில்லை. செய்துதான் ஆக வேண்டும்.

அது எப்படிச் சோதனையைத் தாண்டியது என்பதுதான் கதையின் மையம். அமெரிக்க மருந்துத் தரநூல் அப்போது கேட்ட முக்கியமான கேள்வி, இந்தத் தூள் ஆட்டு இரத்தத்தின் பிளாஸ்மா உறைவதை எவ்வளவு தடுக்கிறது என்பது. கலப்படப் பொருளும் உறைவதை ஓரளவு தடுக்கும். ஆகவே கணக்கு நேராயிற்று. ஒரே ஒரு மொத்தத் தொகையைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் தணிக்கையாளர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பிறகு என்.எம்.ஆரில் வைத்துப் பார்த்தார்கள். அதன் வரைபடத்தில் ஹெபாரினுக்கே உரிய ஒரு முகடு 2.04 என்ற இடத்தில் நிற்கும். பக்கத்தில் 2.08இல் டெர்மட்டான் சல்பேட் எட்டிப் பார்க்கும். அது குடலிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிற பழைய ஆள். கலப்படச் சரக்கில் 2.16ஐ ஒட்டி மூன்றாவதாக ஒரு முகடு நின்றது. பேச்சாளர் அந்தப் படத்தைக் காட்டினால் கண்ணை எடுக்காதீர்கள். ஒரு ஹைட்ரஜன் கூட்டத்தின் விலாசம் அந்த அளவுகோலில் 0.1 அளவு தள்ளியிருப்பது, அவ்வளவுதான். கருவி ஒன்றும் புதிதல்ல. பிளாக், பர்செல் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இந்த ஒத்ததிர்வைத் தனித்தனியே கண்டது 1946இல். 1952இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார்கள். ஹெபாரினை அதில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தரநூல் கேட்கவில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள்.

ரிட்டோனவிர் கதை வேறு விதம். அதில் மோசடியே இல்லை. எச்.ஐ.வி.க்கு எதிராக அபாட் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த மருந்து அது. கோவிட் காலத்து பாக்ஸ்லோவிட் அட்டையில் இருந்த இரண்டு மருந்துகளில் ஒன்றும் இதுதான். 1998இல் அதன் கேப்சூல்கள் திடீரென்று கரைதல் சோதனையில் தோற்கத் தொடங்கின. மூலக்கூறு அதேதான், ஓர் அணுகூட மாறவில்லை. ஆனால் அது வேறு விதமாக அடுக்கிக்கொண்டு, கரைய மறுக்கும் புதிய படிகமாகியிருந்தது. கேப்சூலுக்குள் மருந்து கரைந்த நிலையில்தானே இருக்கிறது, படிக வடிவம் எதுவானால் என்ன என்று முன்பு இருந்துவிட்டார்கள். எக்ஸ் கதிர், அகச்சிவப்பு, திண்மநிலை என்.எம்.ஆர். என்று எல்லாவற்றையும் கொண்டு தேடிப் பிடித்தபோது, பழைய வடிவத்தைத் தயாரிப்பதே கடினமாகிவிட்டது. புதிய படிகத்தின் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் அதன் பக்கம் சாய்ந்துவிடும். கேப்சூலைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டு, நோயாளிகளுக்கு வாயில் வைக்க முடியாத திரவ மருந்தைக் கொடுத்தார்கள். படிக வடிவங்களைத் தேடுவது மருந்து ஆராய்ச்சியில் கட்டாய வேலைபோல் ஆனதற்கு இந்தச் சம்பவம் பெரிய காரணம்.

"ஆராய்ச்சி" பகுதியில் பேச்சாளர் பெருமையாகச் சொல்லப்போவது அநேகமாக 1996இல் அதே அபாட்டில் ஃபெசிக் குழு செய்ததை. ஒரு புரதத்தில் லேசாக ஒட்டும் இரண்டு சிறு மூலக்கூறுகளை என்.எம்.ஆரால் கண்டுபிடித்து, இரண்டையும் இணைத்தால் பிடி பல மடங்கு இறுகும் என்று காட்டினார்கள். 2016இல் இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற வெனட்டோகிளாக்ஸ் அந்த வழியில் வந்தது. நல்ல வேலைதான். படங்கள் மட்டும் சற்று அலுப்பூட்டும்; அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

என்ன கேட்கலாம் என்கிறீர்கள். "இந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியாதது எது?" என்று கேளுங்கள். நல்ல பேச்சாளருக்கு இதைவிடப் பிடித்த கேள்வி இருக்காது. ஒரு விருந்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், இரவுச் சந்தையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இதைச் சாப்பிட்டால் மறுநாளே முழங்கால் வலி போய்விடுகிறது, டாக்டரம்மா. என்ன கலந்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்." பேச்சாளர் இளம்பெண். சிரித்துக்கொண்டே ராமன் கைக்கருவியை அதன் மேல் வைத்தார். திரையில் முகடு எதுவும் இல்லை. ஒரு பெரிய மேடு மட்டும் எழுந்து சரிந்தது. மூலிகைத் தூள் லேசர் பட்டதும் தானே ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். "சார், இதில் ஸ்டீராய்டு இருந்தாலும் இந்தக் கருவி காட்டாது. இல்லை என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன்" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான்.

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 500 மில்லிகிராம் மாத்திரையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அரை மில்லிகிராம் இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. கைக்கருவிக்கு எட்டாத அளவு, உடம்புக்கோ தாராளமாக எட்டும். அதைப் பிடிக்க, கலவையைப் பிரிக்கும் நீர்மக் குரோமட்டோகிராபியோடு இணைந்த, மூலக்கூறை எடைபோடும் நிறை நிறமாலைமானி வேண்டும். ஆண்மை மருந்து என்று விற்பவற்றில் இன்னொரு தந்திரம் நடக்கிறது: வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் மூலக்கூறின் ஓர் ஓரத்தை மட்டும் மாற்றிக் கலக்கிறார்கள். பட்டியலில் இல்லாத மூலக்கூறு என்பதால் பெயரைத் தேடும் சோதனை கைவிரித்துவிடும், பிரித்தெடுத்து என்.எம்.ஆரில் வைத்தால்தான் முழு உருவம் தெரியும். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ., டெக்ஸாமெத்தசோனும் சில்டெனாஃபிலும் கலந்த பொருள்களைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும், யார் சிபாரிசு செய்தாலும், நான் வாயில் வைப்பதில்லை. எண் இருந்தாலும் அது அந்தப் பொருளுக்கே உரியதா என்று அந்த அமைப்பின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றபடி, பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசையாகத்தான் இருக்கும். திரைக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். சைவம் என்றால் நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அன்றிரவு சொன்னால் வறுத்த கீரையும் சோறும்தான் வரும், அதுவும் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு.